சொல்லாமல் விட்ட மூங்கில் கோல்

திருத்தணி ஸ்டேஷனிலிருந்து அரக்கோணம் பக்கமாக நாலு மைல் தண்டவாளம் பரசுராமன் பொறுப்பு. தோளில் நீளக் கைப்பிடி வைத்த சுத்தியல், இடுப்பில் சுருட்டிச் செருகிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவான். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கிற இரும்புச் சாவிகள் ரயில் போகிற அதிர்ச்சியில் தளர்ந்து வெளியே வந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டி உள்ளே தள்ளிக்கொண்டே நடப்பது வேலை. அந்த வேலைக்குக் கீமேன் என்று பெயர். ஆனால் ஊரில் ஒருத்தரும் அவனைக் கீமேன் என்று கூப்பிட்டதில்லை. ரெக்கி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் பட்டாளத்திலிருந்து அவன் கூடவே வந்தது. சண்டைக்காலத்தில் பெங்களூரில் சேர்ந்து, பாலம் கட்டுகிற, பாதை போடுகிற சாப்பர் பட்டாளத்தோடு பர்மா வரைக்கும் போனவன் அவன். அங்கே லாரிகள் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு ஆள் போக வேண்டும். வழியில் ஓடை இருந்தால் தண்ணீர் எவ்வளவு, அடியில் மணலா சேறா, வண்டி இறங்கி ஏறுமா என்று பார்த்து வந்து துரையிடம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் ரெக்கனைசன்ஸ் என்று நீளமானது. சிப்பாய்கள் வாயில் அது ரெக்கி. ஊருக்குத் திரும்பிய பிறகும் பரசுராமன் எதற்கெடுத்தாலும் அதையே சொன்னான். திருவாலங்காட்டில் மாடு வாங்கப் போகிறாயா, இரு, நான் முதலில் ஒரு ரெக்கி போய் வருகிறேன். கிருத்திகைக் கூட்டமா, எந்தப் படி வழியாக ஏறலாம் என்று ரெக்கி பார்த்து வருகிறேன். சொல்லிச் சொல்லிப் பெயரே அவன்மேல் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தப் பெருமை ஐம்பத்தாறாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் உடைந்தது.

அவனுடைய நாலு மைலில் பாதி தூரத்தில் புங்கந்தோப்பு என்று சின்ன ஊர். லைனுக்கு இருபது அடியில் கடைசி வீடு. அந்த வீட்டுப் பெண் மணியம்மை தினமும் உச்சி வேளையில் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு லைனைத் தாண்டி எதிர்ப்பக்கத்து மாந்தோப்புக்குப் போவாள். அவள் தாண்டுகிற நேரத்தில் அங்கே வந்து சேராதபடி பரசுராமன் மூன்று வருஷமாகத் தன் நடையை முன்னே பின்னே மாற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கூட்ஸ் வண்டி ஒன்று சிக்னலில் நின்று அவன் கணக்கைக் கெடுத்துவிட்டது. வண்டி நகர்ந்ததும் பார்த்தால் லைனுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன்.

தூரத்தில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் அன்றைக்கு நின்றாள்.

"உங்கள ஊர்ல ரெக்கின்னு கூப்புடுறாங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"முன்னால போய்ப் பாத்துட்டு வந்து சொல்றதும்மா."

"பாத்தத மட்டுமா?"

"ஆங். பாத்தத மட்டுந்தான். கூட ஒண்ணும் சேக்கக் கூடாது. பட்டாளத்துல அதான் சட்டம்."

அவள் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சேக்கக் கூடாது, சரி. கொறைக்கலாமா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. சரளைக் கல்லில் இறங்கி மாந்தோப்புப் பக்கம் போய்விட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

திருத்தணியில் பரசுராமன் தெருவில் ஜெயம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை, ஒரே பிள்ளை மணவாளன். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவனுக்குப் புங்கந்தோப்பு மணியம்மையைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வெற்றிலை பாக்கோடு போவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டிய ஒருத்தர் சத்தமில்லாமல் போய்ப் பெண் வீட்டை நோட்டம் பார்த்து வருவார். இன்ன காரியமாக வந்தேன் என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்ல நாக்கு வராதாம். ஜெயம்மாளுக்கு அந்தக் காரியத்துக்குப் பரசுராமனை விட்டால் வேறு ஆள் தோன்றுமா? தினமும் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவன், அதற்கு மேல் பட்டாளத்தில் இதையே தொழிலாகப் பார்த்தவன்.

பரசுராமன் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏன் என்பதற்குத்தான் அவனிடம் பதில் இல்லை. சரி என்று தலையாட்டினான்.

மூன்று நாள் பார்த்தான். லைனோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சுத்தியல் பிடியைச் சீவுகிற மாதிரி பார்த்தான். தாய் குப்பம்மாள் நடவுக்குப் போகிறாள், வருகிறாள். பெண் வீட்டைப் பெருக்குகிறாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள், உச்சி வேளையில் தூக்கை எடுத்துக்கொண்டு மாந்தோப்புக்குப் போகிறாள், அரை மணி கழித்து வருகிறாள். வருகிறபோது கண் சிவந்திருக்கிறது. மூன்றாம் நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனான். தோப்புக்குள்ளே ஒரு குளம், குளத்தங்கரையில் இடிந்த மண்டபம், மண்டபத்தில் ஒரு ஆள். தாடியும் சடையுமாக இருந்தான். பெண் தூக்கைத் திறந்து வைத்தாள். அந்த ஆள் சாப்பிடாமல் எழுந்து குளத்துக்குள் இறங்கினான். கையில் ஒரு மூங்கில் கோல். அதை நேராகத் தண்ணீரில் விட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் கீறினான். கோலைத் திருப்பி நுனியில் ஒட்டியிருந்ததை மோந்து பார்த்தான். பிறகு கரையைப் பார்த்து விரல்களைத் தூக்கிக் காட்டினான்.

உலகத்தில் அப்படித் தண்ணீர் பார்க்கிறவர்கள் பரசுராமனுக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருத்தன் அவன். இன்னொருத்தன் அவனோடு ஜோடியாகப் பர்மாவில் ஓடை ஓடையாக இறங்கியவன், மணியம்மையின் அண்ணன் துளசிங்கம். சண்டையில் போய்விட்டான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த துளசிங்கம்.

பரசுராமன் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டான்.

சாயங்காலம் ஜெயம்மாள் வீட்டில், அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அவன் சொன்னது இதுதான்: "வூடு சுத்தமா கீது. மாடு ஒண்ணு கீது. பொண்ணு மத்தியானத்துல தூக்குல சோறு எடுத்துகினு மாந்தோப்புக்குப் போவுது. அங்க ஒரு ஆளு இருக்கிறான். அரை மணி கழிச்சி வருது. கண்ணு செவந்துகினு வருது."

யார் அந்த ஆள் என்று ஜெயம்மாள் கேட்டாள்.

"நான் பாத்தத சொன்னேன் அத்தே. மத்தது எனக்குத் தெரியாது."

சொன்னதில் பொய் எது என்று தேடினால் கடைசி வார்த்தை ஒன்றுதான் பொய். ஆனால் அந்த ஒன்று போதுமாயிருந்தது. ஜெயம்மாள் வெற்றிலைத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து போய் ஆளுக்கு நாலு பேரிடம் சொன்னார்கள். கேட்டவர்கள் மூங்கில் கோலையா கேட்டார்கள்? தாடிக்காரனை இளவட்டமாக்கினார்கள், அரை மணியை ஒரு மணியாக்கினார்கள். அந்தத் தை மாதத்துக்குள் மணவாளனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. புங்கந்தோப்பு வீட்டுக்கு அதற்கப்புறம் ஒருத்தர் வெற்றிலை பாக்கோடு வரவில்லை. மணியம்மை நடவுக்குப் போனால் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் விட்டு நின்று நட்டார்கள். அதையும் பரசுராமன் லைன்மேல் நடந்துகொண்டே பார்த்தான். பார்ப்பதுதானே அவன் தொழில்.

அவன் ஏன் கோலைச் சொல்லாமல் விட்டான்? சிநேகிதன் மானத்தைக் காப்பாற்ற என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பைத்தியம் என்று தெரிந்தால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் பிடித்துப் போய்விடுவார்கள், தாய்க்காரி மறைத்து வைத்திருப்பதை நாம் ஏன் வெளியே போட வேண்டும் என்று நியாயம் பேசிக்கொண்டான். நியாயம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கிடந்தது வேறு.

பர்மாவில் ஒரு ஓடை. துளசிங்கம் தண்ணீருக்குள், பரசுராமன் கரையில் காவல். அதுதான் முறை, ஒருத்தன் அளக்க வேண்டும், ஒருத்தன் சுற்றிப் பார்க்க வேண்டும். துளசிங்கம் கோலைத் தூக்கி, "இடுப்பளவு, அடியில மணலு" என்று குரல் கொடுத்தான். அந்த நொடியில் எதிர்க்கரையிலிருந்து சுட்டார்கள். துளசிங்கம் நாணலுக்குள் சாய்ந்தான். சாய்ந்தவன் கோலை இரண்டு தடவை மேலே தூக்கிக் காட்டினான். நான் இருக்கிறேன், வா என்று அர்த்தம். பரசுராமன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தவழ்ந்து தவழ்ந்து பின்னால் போய்விட்டான்.

துரை முதலில் தண்ணீரைக் கேட்டார். இடுப்பளவு, அடியில் மணல் என்றான். கூடப் போனவன் எங்கே என்று கேட்டார். பார்க்கவில்லை என்றான். பார்க்கவில்லை என்றால் தேட எங்கே போவது? லாரிகள் வேறு துறையில் இறங்கிப் போயின. துளசிங்கம் அளந்த தண்ணீருக்குப் பரசுராமன் சட்டைக் கையில் ஒரு பதவிப் பட்டை ஏறியது. மூன்று நாள் கழித்து வேறு கம்பெனிச் சிப்பாய்கள் நாணலுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒருத்தனைக் கண்டெடுத்தார்களாம், கையில் பிடித்த கோலை விட மாட்டேன் என்றானாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பரசுராமன் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

ஊருக்கு வந்த புதிதில் குப்பம்மாள் அவன் வீடு தேடி வந்தாள். "உங்கூடதானேப்பா போனான், எம்புள்ளய நீ பாத்தியா?" என்று கேட்டாள். அவளிடமும் பார்க்கவில்லை என்ற அதே வார்த்தையைத்தான் சொன்னான்.

மறு வருஷம் யாரோ துளசிங்கத்தை ரயிலில் கொண்டு வந்து விட்டுப் போனார்கள். வீட்டில் அவனை வைத்திருக்க முடியவில்லை. இருபது அடியில் லைன், ஒவ்வொரு வண்டி வருகிறபோதும் மாட்டின் காலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு அலறினான். மாந்தோப்பில் சத்தம் அடங்கித்தான் வரும். அதனால் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், ஊருக்குத் தெரியாமல். இதெல்லாம் பரசுராமனுக்குப் பின்னால் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருப்பானா என்றால், நடந்திருக்க மாட்டான்.

மூன்று வருஷமும் அவனைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு சொல்தான். ரெக்கிக்காரன் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஜனங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்களோ அது ஜனங்கள் பாடு. மணியம்மை கேட்ட கேள்வி அந்தச் சொல்லிலேயே கையை வைத்துவிட்டது. குறைக்கலாமா? சரி, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று தெரிந்துகொண்டு, அர்த்தம் தன் பக்கம் இருந்தால் அவளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் காலை வண்டியில் வரும் பத்திரிகைக்காகத் தினமும் காத்திருப்பவர் சேஷகிரி. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பரசுராமனைவிடப் பத்து வயது சின்னவர். மூன்று தலைமுறையாக மலைமேல் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்தில் கரண்டியை விட்டுப் புத்தகத்தைப் பிடித்த முதல் ஆள். திருத்தணி அப்போது ஆந்திராவில் இருந்தது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம் போடுகிறவர்களில் அவரும் ஒருத்தர். அதனால் எந்தச் சொல்லைக் கேட்டாலும் வேரோடு பிடுங்கிக் காட்டாமல் விட மாட்டார். பரசுராமன் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்.

முதலில் தமிழில் ஆரம்பித்தார். வேவு என்கிறோமே, அதற்கு அடி வேய் என்று ஒரு சொல். அந்தக் காலத்தில் ஒரு ராஜா இன்னொரு ராஜாமேல் சண்டைக்குப் போகிறதே எதிரியின் மாட்டைக் கவர்வதில்தான் தொடங்கும். மாட்டைப் பிடிப்பதற்கு முன்னால் ஆள் போய், மந்தை எங்கே கிடக்கிறது, எத்தனை தலை, காவல் எத்தனை பேர் என்று அறிந்து வருவான். அந்த வேலைக்கு வேய் என்று பேர். அவன் வந்து சொல்கிற சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள் என்றார்.

"அது மாட்டுக்கு, சாமி. பட்டாளத்து வார்த்தைக்கு?" என்று கேட்டான் பரசுராமன்.

சேஷகிரி காகிதத்தைத் திருப்பினார். "இங்கிலீஷ்காரன் அதைப் பிரெஞ்சுக்காரன்கிட்டேர்ந்து எடுத்துண்டிருக்கான். அங்கே அதுக்குப் பார்க்கிறதுன்னு அர்த்தமே இல்லை, பரசுராமன். அறிஞ்சுக்கிறது. இன்னார், இன்னதுன்னு அடையாளம் கண்டுக்கிறது. கண் பார்த்தா போதாது, மனசு கண்டுக்கணும். அதைத் திரும்பி வந்து சொன்னாத்தான் அந்தச் சொல் முழுசாகும்."

"அடையாளம் தெரிஞ்சிகினு சொல்லாம வுட்டா?"

"அதுக்கு வேற பேர் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார் சேஷகிரி. அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் வண்டி வந்துவிட்டது, பத்திரிகைக் கட்டைப் பார்த்து ஓடினார்.

பரசுராமன் அன்றைக்கு நாலு மைலும் நடந்தான். எந்தச் சாவியைத் தட்டினான், எதை விட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. பாதியில் பயந்துபோய், திரும்ப முதலிலிருந்து வந்து ஒவ்வொன்றாகத் தட்டினான். வீட்டில் பெண்சாதி சின்னம்மாளிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் சோற்றுப் பானையை மூடி வைத்தாள். பிறகு, இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டாள். இப்போது சொன்னால் ஊரில் உன் பேர் போய்விடும் என்றாள். சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் உச்சி வேளைக்கு முன்னாலேயே புங்கந்தோப்பு வீட்டு வாசலில் போய் நின்றான். குப்பம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியலைக் கீழே வைத்து, கொடிகளையும் எடுத்துக் கீழே வைத்து, வெறுங்கையாக நின்று சொன்னான். ஓடையைச் சொன்னான், கோல் இரண்டு தடவை மேலே வந்ததைச் சொன்னான், தவழ்ந்து போனதைச் சொன்னான், ஜெயம்மாள் வீட்டில் என்ன சொன்னான், எதை விட்டான் என்பதையும் சொன்னான். கிழவி புடைப்பதை நிறுத்தவில்லை. முறத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் நிறுத்தினாள்.

"ரெண்டு வாட்டி தூக்குனானா?"

"ஆங், ரெண்டு வாட்டி."

"அப்ப அவனுக்கு நீ பாத்தது தெரியும்" என்றாள்.

உள்ளேயிருந்து மணியம்மை வந்தாள். அவளுக்கு முன்பே பாதி தெரியும். அண்ணன் நல்ல நினைவு இருக்கிற நாளில் பரசுராமன் பேரைச் சொல்லிக் கரையில் யார் என்று கேட்பானாம். அதை வைத்து அவளாகவே கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

"எங்க கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க கொறச்சி சொன்னீங்களோ அங்க போய் முழுசா சொல்லுங்க."

குப்பம்மாள் பதறினாள். பிள்ளை இருப்பது வெளியே தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்றாள். மணியம்மை அம்மாவைப் பார்த்து, "மறச்சி மறச்சி நான் இன்னா ஆனேன்னு பாத்தியேம்மா, போதும்" என்றாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். அவனுக்கு அந்த வழக்கம் ஞாபகம் வந்தது. கை வரவில்லை. குடியுங்கள், இனிமேல் எங்களைப் பற்றிக் குறை சொல்ல நாக்கு வராது என்றாள். அவள் கேலி செய்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. குடித்தான்.

ஆடி பிறந்து இரண்டாம் வெள்ளிக்கிழமை மணவாளன் பிள்ளைக்கு முதல் மொட்டை. சரவணப் பொய்கைக் கரையில் ஜெயம்மாள் வீட்டு ஜனம் முப்பது பேர் கூடியிருந்தது. பிள்ளைக்கு முடிந்து தலையில் சந்தனம் தடவிவிட்டார்கள். அப்பாக்காரன் மணவாளனும் வேண்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, நாவிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்து பாதித் தலை வழித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் பரசுராமன் போய் நின்றான். வா ரெக்கி, மேலே கூட்டம் எப்படி என்று யாரோ கேட்டார்கள்.

"மேல நான் போவல. மூணு வருசத்துக்கு முன்னாடி புங்கந்தோப்புக்குப் போய் வந்து ஒண்ணு சொன்னேன். அதுல பாதியத்தான் சொன்னேன். மீதிய சொல்ல வந்தேன்" என்றான்.

சொன்னான். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாக. சோறு போனது அண்ணனுக்கு. அண்ணன் பைத்தியமாக ஆனது என்னால். அங்கே இருந்தது யார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த வேறு ஊர்க்காரர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மணவாளன் எழுந்திருக்கப் பார்த்தான். பாதித் தலையில் கத்தி இருந்ததால் நாவிதர் அவன் உச்சியைப் பிடித்து அழுத்தி, கொஞ்சம் இரு அப்பா என்றார். அவன் குனிந்தபடியே முழுவதையும் கேட்டான். அவன் பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

ஜெயம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. "பேரன் மொட்டைக்கு வந்து சொல்றியே, இப்ப என்னிய இன்னா பண்ண சொல்ற? அன்னிக்கே பைத்தியக்கார அண்ணன்னு சொல்லியிருந்தா மட்டும் அந்தப் பொண்ண எடுத்திருப்பேனா? அப்பவும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

தப்பித்துப் போக அது நல்ல வழி. எப்படியும் நடந்திருக்காது என்று அவளே சொல்லிவிட்டாள். அவனும் ஒரு நொடி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான்.

"எடுத்திருக்க மாட்ட அத்தே. ஆனா அண்ணனுக்குச் சோறு போடுற பொண்ணு வேணாம்னு சொல்லியிருப்ப. நீங்க வேணாம்னு சொன்னது வேற பொண்ண. அப்டி ஒரு பொண்ணு அங்க இல்லவே இல்ல. அத நான்தான் செஞ்சி கொடுத்தேன்."

அன்றைக்கு ஜெயம்மாள் வீட்டில் உட்கார்ந்து கேட்ட இரண்டு பேரில் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்து, நீதானே அதை அரக்கோணம் வரைக்கும் கொண்டுபோனாய், இதையும் கொண்டுபோய்ச் சேர் என்றாள். அது நல்ல மனசில் சொன்னதா, கோபத்தில் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. பரசுராமனுக்கு இலையில் உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவன் போய்விட்டான்.

கெட்ட பேச்சு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிட்டது. இது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற வண்டி மாதிரி போயிற்று. சிலர் நம்பினார்கள், சிலர் பரசுராமனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஏதோ இருக்கிறது, அதனால்தான் இப்போது வந்து பேசுகிறான் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் புரட்டாசி நடவில் மணியம்மைக்கு ஒரு பக்கம் ஆள் இடம் விடாமல் நின்று நட்டார்கள். மறு பக்கம் இன்னும் இடம் கிடந்தது. பரசுராமனை ரெக்கி என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. கூப்பிடாமல் இருப்பதே ஒரு பேராகிவிட்டது.

பொய்கைக் கரையிலிருந்து வந்த மறுநாள் உச்சி வேளையில் அவன் தன் நடையை முன்னே பின்னே மாற்றவில்லை. மணியம்மை தூக்கோடு வந்து, அவன் முன்னால் அதை நீட்டினாள். "இன்னிக்கி நீங்க கொண்டு போங்க. அம்மாக்கு காலு வலி, நான் களத்துக்குப் போவணும்." அம்மாவுக்குக் கால் வலி என்பதற்கும் அவள் களத்துக்குப் போவதற்கும் தோப்புக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம்? அவன் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டான்.

மாந்தோப்பில் குளம் ஆடியில் வற்றிக் கிடந்தது. துளசிங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தான். கையில் கோல். கீறல் விழுந்து விழுந்து அந்த மூங்கில் ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. பரசுராமன் தூக்கை மண்டபத்துப் படியில் வைத்த சத்தத்தில் அவன் திரும்பாமலே கேட்டான்.

"கரையில யாரு?"

"பரசுராமன்" என்றான்.

தூரத்தில் அரக்கோணம் வண்டி போகிற சத்தம் லேசாகக் கேட்டது. துளசிங்கத்தின் தோள் நடுங்கியது, வண்டி போய் அடங்குகிற வரைக்கும் நடுங்கியது.

"தொரகிட்ட தண்ணி எவ்ளோன்னு சொன்ன?"

"இடுப்பளவு. அடியில மணலு."

"சரிதான். என்னப் பத்தி?"

"சொல்லல."

துளசிங்கம் கோலைத் தண்ணீரில் விட்டான். நகத்தால் கீறினான். நுனியை மோந்து பார்த்தான். "முழங்கால். அடியில சேறு. போய் சொல்லு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இந்த வாட்டி முழுசா சொல்லு" என்றான்.

பரசுராமன் சோற்றைப் பிசைந்து கொடுத்தான். துளசிங்கம் நாலு வாய் சாப்பிட்டான். திரும்பும்போது வாசலில் உட்கார்ந்திருந்த குப்பம்மாளிடம் போய் நின்று சொன்னான்: குளத்தில் தண்ணீர் முழங்கால், அடியில் சேறு. பிள்ளை நிற்கிறான். நாலு வாய் சாப்பிட்டான். இடது காலில் ஒரு புண் இருக்கிறது, ஈ மொய்க்கிறது. என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்தது.

அன்றிலிருந்து அது அவன் வேலையாயிற்று. தினமும் உச்சி வேளையில் தூக்கை வாங்கிக்கொள்வான், கொடுப்பான், வந்து சொல்வான். வருத்தப்படுவாளே என்று எதையும் விடுவதில்லை. அழுதான் என்றால் அழுதான் என்பான், சோற்றைக் குளத்தில் கொட்டினான் என்றால் கொட்டினான் என்பான். குப்பம்மாளும் அவனைத் திட்டியதில்லை, நல்ல வார்த்தையும் சொன்னதில்லை. கேட்டுக்கொள்வாள். தண்ணீர் கொடுப்பாள்.

துளசிங்கத்துக்குச் சில நாள் அவனை அடையாளம் தெரியும், சில நாள் தெரியாது. தெரியாத நாட்களில் பரசுராமனுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வரும். அதையும் அவன் குப்பம்மாளிடம் சொல்லிவிடுவான்.